மீன் குழம்புக்குக் குழம்பை முதல் நாளே வைத்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மீன் குழம்பு வைக்கிறவர்கள், புளி, தக்காளி, வெந்தயம், மசாலா எல்லாம் போட்டுக் குழம்பை மட்டும் முதல் நாளே கொதிக்கவைத்து ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகக் கொதி வந்த பிறகு மீனைப் போட்டு, தீயைக் குறைத்து, எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

குழம்புக்கு ஊற ஊறத்தான் ருசி, மீனுக்கு அப்படியில்லை. மீன் சதை 60 டிகிரி சூட்டிலேயே வெந்துவிடும், இரண்டாம் தடவை சூடாக்கினால் கூட்டா (நம் வஞ்சிரம்தான்) சக்கையாக வறண்டு போகும், ஹேக் (மென்மையான வெள்ளைச் சதை மீன்) என்றால் உதிர்ந்து குழம்போடு கரைந்தே விடும். காசும் மிச்சம்: குழம்பைக் கூடுதலாக வைத்துப் பாதியை ஃபிரீசரில் போட்டுவிட்டால், மீன் மலிவாகக் கிடைக்கிற அன்று எடுத்துக்கொள்ளலாம், பெரிய வெள்ளிக்கு முன்னால் கடையில் முட்டி மோத வேண்டாம். உறைந்த ஹேக்கை மட்டும் முழுக்க உருகவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் குழம்பு நீர்த்துவிடும்.

வெளியே சாப்பிடும்போதும் இதே கணக்குதான். ஆர்டர் சொன்ன பிறகு மீனைக் குழம்பில் போடுகிறார்களா என்று கேளுங்கள். காலையிலிருந்து சூட்டுத் தட்டில் கிடக்கிற குழம்பு என்றால், பேசாமல் பொரித்த மீன் வாங்கிக்கொள்வது நல்லது.

மீன் தலைக்கும் நண்டுக்கும் இது சரிப்படாது, அவற்றின் சாறு குழம்பில் இறங்கினால்தான் ருசி, அதனால் அவற்றை ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட வேண்டும்.