கடலோரக் கட்டடங்களை மின்சிக்கன விதிகளுக்குத் தயார் செய்வது எப்படி?

இராமேஸ்வரத்தில் நாற்பது அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். அறைக்கு ஒன்றாக ஒன்றரை டன் ஏசி, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1.5 கிலோவாட், குளியலறைக்கு ஒன்றாக 2 கிலோவாட் கீசர். இவை மட்டுமே 140 கிலோவாட் ஆகிவிடுகின்றன. லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் இன்னும் கணக்கில் சேரவில்லை. 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் வரும் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ (பொருத்திய மின்கருவிகளின் மொத்தத் திறன்) 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ (மின்வாரியத்துடன் ஒப்பந்தம் செய்த அதிகபட்சத் தேவை) உள்ள வணிகக் கட்டடங்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. சென்னையின் கண்ணாடி மாளிகைகளுக்கான சட்டம் இது என்று நம் பகுதி உரிமையாளர்கள் பலர் எண்ணியிருப்பது எனக்கு உண்மையாகவே கவலையளிக்கிறது. ஏனெனில் அந்த வரம்பை இன்னும் கீழே இறக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் மாநில அரசுகளுக்கு வழங்கியிருக்கிறது. கீழக்கரையின் வணிக வளாகமும் தொண்டியின் திருமண மண்டபமும் இப்போதே ஆயத்தமாவது நல்லது.

முதலில் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மொத்த யூனிட்டுகளோடு, உயரழுத்த இணைப்பாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் பதிவான உச்சத் தேவையையும் (அம்மாதத்தில் ஒரே சமயத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரம்) குறித்துக்கொள்ள வேண்டும். விடுதிக்காரர்கள் மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவார்கள். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் வரும் மாதங்களில் அறைகள் நிரம்பி வழிவதால், ஓர் அறை ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் செலவழித்தது என்று வகுத்துப் பார்த்தால்தான் வீணாவது எங்கே என்று தெரியும்.

அடுத்தது மொட்டைமாடி. மேல்தளத்து அறைகளின் ஏசி ஓயாமல் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும் வெறும் கான்கிரீட் தளமே. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்துத் தளம் போட்ட நம் கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. தட்டையான கூரை தன்மேல் விழும் வெயிலில் 60 சதவீதத்தையாவது திருப்பியனுப்ப வேண்டும் என்று அந்தக் கட்டட விதித்தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்கிறது. வெள்ளைக் குளிர்ச்சி ஓடுகளோ, அதற்கென்றே விற்கும் பூச்சோ இதற்குப் போதும். ஆனால் உப்பும் புழுதியும் படிந்து வெண்மை மங்கினால் பயனும் மங்குமாதலால், தளத்தை அவ்வப்போது கழுவிவிட வேண்டும். சூரிய மின்தகடுகளைப் பொருத்துவோர் தளத்தைத் துளையிட விடாதீர்கள். அத்துளை வழியே இறங்கும் உப்பு ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கான்கிரீட்டையே வெடிக்க வைக்கும். தளத்தின் மேல் வைக்கும் கான்கிரீட் கட்டைகளில் சட்டத்தைப் பொருத்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடற்காற்றின் வேகத்துக்குக் கட்டைகளின் எடை போதுமா, அந்த எடையைத் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

ஏசி விஷயத்தில்தான் நம் கடற்கரை உள்நாட்டிலிருந்து வெகுவாக வேறுபடுகிறது. இது வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலம்; இங்கே ஏசி செய்யும் வேலையில் கணிசமான பங்கு காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுப்பதுதான். தேவைக்கு மேல் பெரிய ஏசியை வாங்கி மாட்டினால், அது அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, மெத்தையும் போர்வையும் பிசுபிசுக்க, விருந்தினர் வெப்பநிலையை 18 டிகிரிக்கு இறக்குகிறார். ஆகவே அறையின் பரப்பு, சன்னல், திசை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு, நட்சத்திரக் குறியுள்ள, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏசியைச் சரியான அளவில் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்பாகக் கதவிடுக்கையும் சன்னல் சட்டத்தின் ஓரத்தையும் அடைத்துவிடுங்கள், இல்லையேல் கடற்காற்றின் ஈரத்தை நீங்கள் காசு கொடுத்து வடிக்கிறீர்கள். மேற்குச் சன்னலுக்கு வெளியே சன்ஷேடு அல்லது மரச்சட்டத் தடுப்பு வைப்பது, உள்ளே திரை தொங்கவிடுவதைக் காட்டிலும் பன்மடங்கு நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு அறைக்குள் வந்துவிட்டது என்றே பொருள்.

உப்பு இன்னொரு எதிரி. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் அரிக்கப்பட்டால், ஐந்து நட்சத்திர இயந்திரமும் அந்தத் திறனை இழந்துவிடும். தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள்; மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்துப் பொருத்தி, நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். போர்வெல்லின் உவர்நீரால் கழுவுவது, கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல்.

வெந்நீருக்குச் சூரிய வெப்பமே தக்கது. மேலே சொன்ன விடுதியின் சுமையில் 80 கிலோவாட் கீசர்களுடையதல்லவா? உவர்நீர் குழாய்க்குள் படிவு கட்டும் ஊர்களில், நீர் நேரடியாகத் தகட்டுக்குள் ஓடாத, வெப்பப் பரிமாற்றி வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். எல்இடி விளக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி ஆகியவற்றை இந்நேரம் பலர் மாற்றியிருப்பீர்கள்.

புதிதாகக் கட்டுவோரும், பழைய கட்டடத்தின் மேல் ஒரு தளம் எழுப்புவோரும், வரைபடம் தாளில் இருக்கும்போதே சான்றிதழ் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரிடம் காட்டிவிட வேண்டும். சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வேண்டாம் என்று அந்தக் கட்டத்தில் சொன்னால் வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து மாற்றிப் போடலாம். முகப்பை நிறுத்திய பிறகு சொன்னால் இடிக்க வேண்டியிருக்கும். கண்ணாடி, வெப்பத்தடுப்புப் பலகை, ஏசி ஆகியவற்றின் ரசீதுகளையும் தொழில்நுட்ப விவரத் தாள்களையும் வாங்கிய நாளிலேயே ஒரே கோப்பில் சேர்த்து, மின்சாரத் திட்ட வரைபடத்துடன் வைத்திருங்கள். ஒப்புதலுக்கு வரும் அலுவலர் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.