தாத்தாவின் போர்க்காலக் கடிதத்தைப் படிப்பது எப்படி? உறையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பதினொரு கடிதங்கள் கிடந்தன. எல்லாம் போர்முனையிலிருந்து தாத்தா அப்பாயிக்கு எழுதியவை. 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பான் படை எங்கள் ஊரான ரங்கூனை, இன்றைய யாங்கோனை, பிடித்தது. அதற்குச் சில வாரம் முன்பே அப்பாயியைக் கப்பலேற்றிவிட்டு, தாத்தா கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே இந்தியா போனார். ஊரில் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. பெங்களூர் போய், படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்துவிட்டார். எந்தக் காட்டு வழியாகத் தப்பிப் போனாரோ அதே பக்கமாகத் திரும்பி வந்தார், இந்தத் தடவை பாதை வெட்டிக்கொண்டும் பாலம் போட்டுக்கொண்டும். போர் முடிந்து குடும்பம் ரங்கூனுக்குத் திரும்பியபோது கடிதங்களும் கூடவே வந்தன.

போன மழைக்காலத்தில் ஒரு வழியாக அத்தனையையும் படித்து முடித்தேன். இரண்டு மாதம் ஆனது. அதில் ஆறு வாரம் என் சொந்தத் தப்புகளுக்கே போனது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் அந்த ஆறு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோப்புக்குப் பெயர் வைப்பது, கணினியில் ஏற்றுவது பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

படி 1: ஈரக் கையோடு தொடாதீர்கள்

நான் முதலில் கையில் எடுத்த கடிதத்தில் மண் கறை இருந்தது. துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுத்தேன். சாம்பல் நிறப் பென்சில் எழுத்து என் கண் முன்னால் ஊதாவாக மாறிப் பரவியது. இரண்டு சொற்கள் போயே போய்விட்டன.

அது சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். அந்தக் காலத்தில் படையிலும் அலுவலகத்திலும் நிறையப் புழங்கியது. அதன் கிராஃபைட்டோடு சாயம் கலந்திருக்கும், தண்ணீர் பட்டால் மையாகிவிடும். அழிரப்பரால் அழிக்க முடியாது என்பதற்காகவே அதை வாங்குவார்கள். யாங்கோனில் ஆகஸ்ட் மாதம் வியர்வைக் கையே போதும், ஊதா ஆகிவிடும். கையை நன்றாகத் துடைத்துவிட்டு, காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். மண்ணை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளினால் போதும். போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் அந்த ஊர் மண்தான்.

அப்புறம், பன்சோடான் தெருப் பக்கம் போய் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம். என் சித்தப்பா 1990களில் ஒட்டிய டேப் இன்று பழுப்பு பிசினாகி, அடியில் உள்ள வரியையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

படி 2: படம் எடுப்பது

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ. இல்லாவிட்டால் கைப்பேசி. ஆனால் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பின்னணியை வெளுக்கிறேன் என்று பென்சில் கோட்டையும் சேர்த்து வெளுத்துவிடும். சாதாரணக் கேமராவே மேல்.

அழிந்துபோன எழுத்துக்கு ஒரு வழி: அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைக் காகிதத்துக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பென்சில் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். இருட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா? கரண்டு போனதும் வேலையைத் தொடங்கி, தெருவே ‘மீ லா பீ’ (பர்மிய மொழியில் ‘கரண்டு வந்துவிட்டது’) என்று கத்தும்போது நிறுத்திக்கொள்வேன்.

கணினியில் ஜிம்ப் மென்பொருளைத்தான் சொல்வேன், இலவசம். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். பழுப்பேறிய மைக்கு நீலம், ஊதாப் பென்சிலுக்குப் பச்சை, காகிதக் கறையை மங்க வைக்கச் சிவப்பு. என் வேலையில் பாதி இதிலேயே முடிந்தது.

படி 3: உறையை முதலில் படியுங்கள்

எல்லோரும் கடிதத்தை முதலில் பிரிப்பார்கள். நானும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கும்? ‘இவ்விடம் நான் சேமம், அவ்விடம் உங்கள் சேமத்துக்கு எழுதவும்.’ அடுத்த கடிதத்திலும் அதேதான். எந்த ஊர், எந்தப் படை, எங்கே போகிறோம் என்று எதையும் எழுதக் கூடாது. எழுதினால் தணிக்கை அதிகாரி மை பூசி மறைப்பார், இல்லாவிட்டால் கத்தரித்து எடுத்துவிடுவார். மார்கழி மாதக் கடிதம் ஒன்றில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டையே இருக்கிறது.

ஆகவே இடம் தெரிய வேண்டுமானால் உறைதான் கதி. அனுப்புநர் முகவரியில் படை எண் (ஒவ்வொரு வீரருக்கும் உள்ள தனி எண்), பெயர், கம்பெனி (படையின் ஒரு சிறு பிரிவு), ஏதாவது ஒரு படைத்தளத் தபால் நிலையம், அவ்வளவுதான் இருக்கும். படை எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும். அடுத்து வட்ட முத்திரை. அதில் எஃப்.பி.ஓ. என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். போர்க்களத் தபால் நிலையம் என்று பொருள்.

நான் இடறி விழுந்தது இங்கேதான். உறையில் இரண்டு முத்திரைகள் இருந்தன, இரண்டிலும் எண். பளிச்சென்று இருந்ததை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் தேடினேன். போர்க்களத் தபால் நிலையங்களின் பட்டியலில் அந்த எண்ணுக்கு வந்த இடம் எகிப்து! தாத்தா எகிப்து போனார் என்று அத்தையிடம் போனில் சொல்லியும் விட்டேன். அது தணிக்கை முத்திரையின் எண். அதற்கும் தபால் நிலைய எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. தேதி இருக்கிற முத்திரைதான் தபால் முத்திரை. தேதி இல்லாமல் பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரியின் கிறுக்கல் கையெழுத்து இருந்தால் அது தணிக்கை.

இன்னொன்று. போர்க்களத் தபால் நிலையம் ஓரிடத்தில் நிற்காது, படையோடு நகரும். அதனால் எண் மட்டும் போதாது, எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் ஊர். அஞ்சல் முத்திரை சேகரிப்பவர்கள் இந்தப் பட்டியலை, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எங்கே என்று, பொறுமையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் வரலாற்றுப் பேராசிரியரைவிட முத்திரை சேகரிப்பவரையே நான் நம்புவேன்.

பின்சேர்க்கை: மௌல்மீனிலிருந்து ஒரு வாசகி கேட்டார், ‘கடிதமும் உறையும் ஜோடிதான் என்று எப்படித் தெரியும்?’ சுருக்கென்றது. அப்பாயி எத்தனை தடவை எடுத்துப் படித்துத் திரும்ப மடித்து வைத்தாரோ! மடிப்புக் கோட்டை உறையின் அளவோடு பொருத்திப் பார்த்தேன். பதினொன்றில் நான்கு இடம் மாறியிருந்தன. நீங்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 4: தேதி

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் கடிதம் ஒன்றின் தலைப்பு இது:

உ
தாரண ௵ ஆடி ௴ ௰௨ ௳

மேலே உள்ளது பிள்ளையார் சுழி. நான் அதை 2 என்று படித்து, இரண்டாம் பக்கம் என்று நினைத்து முதல் பக்கத்தைத் தேடினேன். தமிழ் எண்ணில் இரண்டும் ௨தான், அச்சு அசல் உ மாதிரியே இருக்கும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: கடுகு, உளுந்து, ஙனைச்சு, சமைச்சு, ருசிச்சு, சுவைச்சு, என, அவன், கூறினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை உள்ள எண்ணின் உருவம். பத்து என்பது ௰, ‘ய’ போல இருக்கும். ௰௨ என்றால் பன்னிரண்டு.

இது தெரியாமல் நான் பட்டது ஒன்று. கடிதத்தில் ‘மாதம் ௰௫ வந்து சேர்கிறதா’ என்று இருந்தது. ௰ பத்து என்று அதற்குள் படித்துவிட்டேன். பின்னால் உள்ளதை ‘ரு’ என்று படித்து, ரூபாய்க்குச் சுருக்கம் என்று முடிவு கட்டிவிட்டேன். தாத்தா மாதம் பத்து ரூபாய்தான் அனுப்பினார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அத்தைக்கு வந்ததே கோபம். ‘எங்கப்பா பதினஞ்சு ரூபா அனுப்பினாருடா, எங்கம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்’ என்றார். அவர் சொன்னதே சரி. ௫ என்பது ஐந்து.

அடுத்து ஆண்டுப் பெயர். இணையத்தில் தாரண என்று தேடினால் 2004-05 என்று வரும். பயந்துவிடாதீர்கள், அறுபது கழியுங்கள். போர்க் காலத்துக்கு வேண்டியவை இவ்வளவுதான்: 1942 ஏப்ரலில் தொடங்குவது சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப. தை, மாசி, பங்குனி என்றால் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போய்விடும். தாரண தை 1945 ஜனவரி, 1944 இல்லை. நான் மூன்று கடிதங்களை ஒரு வருடம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன்.

தாரண ஆடி 12 என்றால் 1944 ஜூலை கடைசி வாரம். உறை முத்திரையும் ஜூலை 31. வடகிழக்கு இந்தியாவில் கோஹிமாவுக்கும் இம்பாலுக்கும் இடையே ஜப்பான் படை மறித்திருந்த பாதை திறந்தது ஜூன் 22. அதற்கு அடுத்த மாதம், அந்த மலைப் பக்கம், கொட்டும் மழை. ‘மழை விட்டபாடில்லை, அட்டைக்கு மட்டும் நல்ல சாப்பாடு’ என்று தாத்தா எழுதியது எங்கே உட்கார்ந்து என்று அப்போதுதான் புரிந்தது. ஓட்டை விழுந்த மார்கழிக் கடிதத்தின் முத்திரை 1944 டிசம்பர். அந்த மாதம்தான் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் (துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் இரும்புப் பாலம்) போட்டார்கள். ஓட்டையில் இருந்தது அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு எதுவும் என் மனதுக்கு வரவில்லை.

படி 5: உள்ளே படிப்பது

இது சுலபம். ‘நிற்க’ என்று வந்தால் விஷயம் மாறுகிறது என்று பொருள், அங்கே ஒரு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கடிதத்துக்குக் கடிதம் மாறினால் போலி என்று சந்தேகப்படாதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். தாத்தாவுக்குக் கையொப்பம் மட்டும்தான் வரும். முதல் ஒன்பது கடிதங்களும் ஒரே கை, அழகான கை. கடைசி இரண்டும் வேறு யாரோ, கோழி கிளறியது போல.

பின்சேர்க்கை: தன்பியூசயாட் பக்கத்திலிருந்து ஒருவர், ‘மலாயாவிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுவரப்பட்ட எங்கள் பாட்டனாரின் கடிதத்தை எங்கே தேடுவது’ என்று கேட்டார். போர்க்கைதிகளுக்காவது ‘என் உடல்நிலை நன்றாக உள்ளது’, ‘சம்பளத்துக்கு வேலை செய்கிறேன்’ என்று அச்சடித்த அட்டை கிடைத்தது. வேண்டாத வரியை அடித்துவிட்டு அனுப்பலாம். அந்தத் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அந்த அட்டைகூட இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் வழி எதுவும் இல்லை.

படி 6: திரும்பி வராதவர்களைத் தேடுவது

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம், காசில்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படியெல்லாமோ எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுப் படை எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் படைப்பிரிவையும் நினைவிடத்தையும் தேர்ந்தெடுத்துப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். யாங்கோனிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டரில் தவுக்கியான் கல்லறை இருக்கிறது. அங்குள்ள ரங்கூன் நினைவிடத்தின் தூண்களில் கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் உள்ளன. வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். பெயர் தூணின் எந்த முகத்தில் இருக்கிறது என்ற எண்ணை இணையதளத்திலேயே குறித்துக்கொண்டு போகாவிட்டால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

தாத்தா திரும்பி வந்தவர். நான் தேடியது அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரை. கை மாறிய பத்தாவது கடிதத்தில் ‘நமக்கு எழுதிக் கொடுக்கும் தம்பி’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த இரண்டு சொற்கள்தான் என் ஈரத்துணியில் ஊதாவாகிப் போனவை. பெயர் மட்டும் இன்னொரு கடிதத்தின் அடியில் கிடைத்தது. அதே பெயரில் சாப்பர்ஸ் பட்டியலில் மூன்று பேர். ஊர் தெரியாமல் எவர் என்று சொல்ல முடியாது, அவர்களில் ஒருவராகவே இல்லாமலும் இருக்கலாம்.

அவர் தாத்தாவுக்கு மட்டுமா எழுதிக் கொடுத்திருப்பார்? கம்பெனியில் பாதிப் பேருக்கு எழுதியிருப்பார். உங்கள் வீட்டுக் கடிதத்தில் ‘நிற்க’ என்று வரும் இடத்தில், ற-வின் வாலை அடுத்த வரிவரை இழுத்து ஒரு சுழி சுழித்திருந்தால், உறையின் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.