எழுபது வருஷக் கடிதம்: காத்திருக்கும் நாட்களில் வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொள்வது எப்படி?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டைகளில், அதாவது புத்தாண்டுக்கான தேவ வாக்காக ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டைகளில், அடிக்கடி காணப்படும் வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் அந்த வசனத்தை வேலைக்கும் வரனுக்கும் குழந்தைக்கும் காத்திருப்பவர்கள் வேதாகமத்தின் உள்ளட்டையில் செருகி வைக்கிறார்கள். ஆண்டு முடிந்தும் எதிர்பார்த்தது வராதபோது, ஆண்டவரைக் கேட்கவும் துணிவில்லாமல், பழைய அட்டையை எறியவும் மனமில்லாமல், புதிய அட்டையை அதன்மேல் வைத்து மூடிவிடுகிறார்கள். என் வேதாகமத்திலும் ஒரு காலத்தில் அப்படி நான்கு அட்டைகள் இருந்தன. வாக்குத்தத்தத்தின்மேல் நம்பிக்கை வைப்பது எப்படி என்பதை அந்த ஒரு வசனத்தைக் கொண்டே பார்ப்போம்.

முதலில், வசனம் வந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களுக்கு, எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா அனுப்பிய கடிதம். பதினோராம் வசனத்தை அட்டையில் அச்சிடுகிறவர்கள் பத்தாம் வசனத்தை அச்சிடுவதில்லை. பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது அது. கடிதத்தைக் கேட்டபோது நாற்பது வயதாயிருந்த ஒருவர், தாம் பாபிலோனிலேயே மரித்து அடக்கம்பண்ணப்படுவோம் என்பதை அந்த நிமிஷமே அறிந்திருப்பார். "உங்களுக்கு" என்ற சொல்லில் அவர் மட்டுமல்ல, அவருடைய பேரப்பிள்ளைகளும் அடங்கியிருந்தார்கள்.

இங்கே மொழிபெயர்ப்பையும் சற்றுக் கவனிக்க வேண்டும். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று தமிழில் வாசிக்கும்போது, நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதுவே கிடைக்கும் என்று மனம் பொருள்கொள்கிறது. மூல எபிரெயத்தில் இருப்பவை "பிற்காலம்", "நம்பிக்கை" என்னும் இரண்டு சொற்கள். உங்களுக்கு ஒரு வருங்காலம் உண்டு, அதை நம்பியிருக்க இடமுண்டு என்பதே பொருள். ஆகவே ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போட்டு, ஒருபுறம் ஆண்டவர் உண்மையில் சொன்னதையும், மறுபுறம் நீங்கள் விரும்புவதையும் எழுதிப் பாருங்கள். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை" என்பது முதல் பக்கத்துக்கு உரியது. "இந்த ஜூனுக்குள் அரசு வேலை" என்பது இரண்டாம் பக்கத்துக்கு உரியது. இரண்டாம் பக்கத்தில் எழுதியது பாவமல்ல. அதை விண்ணப்பமாகத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்தை வாக்குத்தத்தமாக எண்ணிக்கொண்டால், அது கிடைக்காத நாளில் ஆண்டவர் சொல் தவறிவிட்டதாகத் தோன்றும்.

நாள் குறித்துச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்புவார்கள் என்று அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தடியை எடுத்து உடைத்தான். அதற்கு முன்பே எரேமியா அவனுக்குச் சொன்ன முதல் பதில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதாகும். அவருக்கும் அதே ஆசைதான் இருந்தது. இரண்டு வருஷம் என்று ஐந்தாம் மாதத்தில் சொன்ன அனனியா ஏழாம் மாதத்தில் இறந்துபோனான். ஆகவே "மூன்று மாதத்தில் வாசல் திறக்கும்" என்று யாராவது உங்கள் தலையில் கைவைத்துச் சொன்னால், தேதியோடு குறித்து வைத்துவிட்டு அமைதியாயிருங்கள். அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கடிதம் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்த வேலை. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்கிறது ஐந்தாம் வசனம். ஊர் திரும்பும் நாளுக்காகப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்பது அதன் பொருள். திருமணம் கூடிவரட்டும் என்று மேற்படிப்பைத் தள்ளிவைத்தவர்களையும், விசா வந்துவிடும் என்று இருக்கும் ஊரில் ஒரு சபையோடும் ஒட்டாமல் வாழ்பவர்களையும் நான் அறிவேன். அவர்கள் அதை விசுவாசம் என்று நினைக்கிறார்கள். எரேமியா அப்படி நினைத்திருக்கமாட்டார்.

அப்படியானால், ஆண்டவர் வாக்களித்த பிள்ளைக்காகக் காத்திராமல் வேறு வழி தேடிய ஆபிரகாம் செய்தது என்ன என்று கேட்கலாம். 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டவருக்கு 86 வயதில், மனைவி சாராளின் திட்டப்படி, அவளுடைய அடிமைப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தான். வாக்குத்தத்தத்தின் பிள்ளையான ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு 100 வயது. உழைப்புக்கும் குறுக்குவழிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, உங்கள் திட்டம் வேறொருவரைக் கருவியாக்குகிறதா, அதில் மறைக்க வேண்டிய பொய் ஏதும் உண்டா என்று கேட்டுப்பாருங்கள். சாராளின் திட்டத்தில் ஆகாரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. குழந்தைக்காக மருத்துவரைப் பார்ப்பது ஆகாரிடம் போவதாகாது. அப்படிச் சொல்லித் தம்பதிகளைக் குற்றவுணர்வில் தள்ளுகிறவர்கள் ஆதியாகமத்தை மறுபடி வாசிப்பது நல்லது.

காத்திருக்கும்போது மனம் கசந்தால், அந்தக் கசப்பையும் ஜெபத்துக்குள் கொண்டுபோங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை உங்கள் சொந்தப் பிரச்சினையின் பெயரைச் சேர்த்துச் சத்தமாக வாசியுங்கள். எரேமியாவும் இதற்கு விலக்கல்ல. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, அவர் காவலில் இருந்தபடியே ஆனதோத்திலுள்ள நிலத்தை உறவினன் அனாமெயேலிடம் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரைபோட்ட கிரயப்பத்திரமும் திறந்திருந்த பிரதியும் நெடுநாள் கெடாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. இத்தனையும் கீழ்ப்படிந்து செய்து முடித்த பின்புதான், நகரமே எதிரியின் கையில் போகும்போது நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஆண்டவரிடமே குழம்பி நின்றார். கீழ்ப்படிதலும் குழப்பமும் ஒரே அதிகாரத்தில், ஒரே மனிதரிடத்தில் இருந்தன.

கடைசியாக, ஜெபத்துக்கு ஒரு நேரத்தை நிலைப்படுத்துங்கள். எரேமியா எழுதிவைத்த எழுபது வருஷத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் கழித்துப் பாபிலோனில் வாசித்தவர், சிறைப்பட்டுப்போனவர்களில் ஒருவரான தானியேல். நாட்கள் நிறைவேறப்போகின்றன என்று அறிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. உபவாசித்து, துக்கத்தின் அடையாளமாக இரட்டுடுத்தி, தம் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டார். யூதர்கள் ஊர் திரும்பலாம் என்ற பெர்சிய ராஜா கோரேஸின் கட்டளை பிறந்து ஜனங்கள் புறப்பட்டார்கள். தானியேல் அவர்களோடு திரும்பினதாக வேதாகமத்தில் எங்கும் இல்லை. அவருடைய மேல் அறையின் பலகணிகள் எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்தன. தினம் மூன்று வேளையும் அவர் அங்கே முழங்கால்படியிட்டார்.