கணினி அமைப்புச் சிக்கலுக்கு உதவி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக விண்டோஸும், லினக்ஸின் இந்திய வடிவமான பாஸ் லினக்ஸும் சேர்ந்து மாணவர்களின் வீடுகளுக்குள் நுழைந்தன. அந்த மடிக்கணினிகளில் பல, பேட்டரியும் வன்தட்டும் மாற்றப்பட்டு, உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் நிறுவப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிச்சி தெருவில் உதிரிப் பாகம் வாங்கிவந்து வீட்டிலேயே பொருத்திக்கொள்பவர்களும் ஏராளம். இருந்தும், அமைப்பில் ஒரு சிக்கல் வந்து தெரிந்தவர் ஒருவரிடம் எழுதிக் கேட்கும்போது, பத்து நிமிடத்தில் தீர வேண்டியது பத்து நாள் இழுத்துவிடுகிறது. உதவுபவர் உங்கள் திரையைப் பார்க்கவில்லை என்பதையும், நீங்கள் எழுதி அனுப்பும் சொற்களே அவருக்குக் கண்கள் என்பதையும் கேட்பவர் மறந்துவிடுவதுதான் இதற்கு முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதில் மிகப் பெரிய தவறு, கண்டதைச் சொல்லாமல் ஊகித்ததைக் கேட்பது. “குரோமை முழுமையாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது எப்படி?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவுபவர் அதற்கான வழியைச் சொல்வார், இவரும் செய்வார், சிக்கல் அப்படியே இருக்கும். உண்மையில் நடந்தது வேறு: மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அந்தப் பழைய மேசைக் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடுகிறது. வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி தடுத்துவிடுகிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துபோனதுதான் மூலக்காரணம். அதை மாற்றினால் வேலை முடிந்தது. “வங்கித் தளங்கள் திறக்கவில்லை, இந்தச் செய்தி வருகிறது, மின்தடைக்குப் பிறகுதான் இப்படி ஆகிறது” என்று கண்டதை மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் முதல் பதிலிலேயே கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரத்திலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. “நேரம் தப்பாகக் காட்டுகிறது” என்று எழுதினால் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. “சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது, விண்டோஸுக்குப் போய்வந்த பிறகுதான் அப்படி ஆகிறது” என்று எழுதினால், அனுபவமுள்ளவருக்கு வேறு கேள்வியே தேவைப்படாது. மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், ஒன்று எழுதிவைத்ததை மற்றொன்று படிக்கும்போது அதே அளவு பிசகுகிறது. இரண்டில் ஒன்றின் வழக்கத்தை மாற்றினால் போதும். எனவே எண், நேரம், பதிப்பு, எந்தச் செயலுக்குப் பிறகு நேர்ந்தது ஆகியவற்றை விவரம் தெரியாதவர்போலத் தோன்றுமோ என்று தயங்காமல் எழுதுங்கள்.

பிழைச்செய்தியைச் சுருக்கிச் சொல்வதும், கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதும் இதோடு சேர்ந்தவையே. படத்தில் இருப்பதை நகலெடுத்துத் தேடுவது எளிதல்ல. பல நேரங்களில் முக்கியமான முதல் வரி படத்துக்கு வெளியே நின்றுவிடும். கணினி உயிரோடு இருக்கும்வரை செய்தியை எழுத்தாகவே நகலெடுத்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்புங்கள். தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள், சிக்கல் தரும் அந்தக் கட்டளைக்கு மட்டும் மொழியை ஆங்கிலமாக்கி ஓட்டி, அந்த வெளியீட்டை அனுப்புவது நல்லது. தமிழ் இடைமுகம் நமக்கு அவசியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே பிழையைச் சந்தித்த மற்றவர்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களில்தான் தேடக் கிடைக்கின்றன.

“நான் எதையும் மாற்றவில்லை” என்ற வாக்கியம் உதவுபவரை அலைக்கழிப்பதுபோல வேறெதுவும் அலைக்கழிப்பதில்லை. சொல்பவர் பொய் சொல்வதில்லை, மாற்றியது மறந்துபோயிருக்கும். தொடக்கத்தில் எந்த வட்டை எந்த அடைவில் இணைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வெளி வன்தட்டு ஒன்றுக்காக ஒரு வரி சேர்த்திருப்பார். அன்று எல்லாம் சரியாக ஓடும். சில வாரங்கள் கழித்து அந்தத் தட்டைக் கழற்றிவைத்துவிட்டுக் கணினியை இயக்கும்போது, அது ஒன்றரை நிமிடம் காத்துக் கிடந்து, பிறகு அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்திருந்தால் தட்டு இல்லாமலும் கணினி தொடங்கியிருக்கும். ஆகவே அமைப்புக் கோப்பைத் தொடுமுன் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வட்டு, வலையமைப்பு, தொடக்கம் ஆகியவற்றைத் தொட்ட அன்றே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றிவிட்டால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, உதவுபவருக்கும் தெரியாது.

கையால் எழுதிய மாற்றம் தானாக அழிந்துபோவதும் அடிக்கடி வரும் புகார். தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரியை வைத்திருக்கும் ரிசால்வ் கோப்பை உபுண்டு போன்றவற்றில் பின்னணிச் சேவை ஒன்று திரும்பத் திரும்ப எழுதுகிறது. அந்தக் கோப்பின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கும். படித்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்டவுடன், எங்கோ படித்த கட்டளையைக் கொண்டு அடைவு முழுவதற்கும் 777 அனுமதி, அதாவது எவரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் உரிமை, கொடுப்பது நான் கடுமையாகவே எச்சரிக்க விரும்பும் பழக்கம். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடப்பட்ட தனித் திறவுகோலை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ரகசியக் கோப்பை) ஏற்க மறுக்கும். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்ட உதவும் சூடோவின் அமைப்புக் கோப்பு அப்படித் திறந்து கிடந்தால் சூடோவே இயங்க மறுக்கும். அதன் பிறகு நிர்வாகி உரிமையைத் திரும்பப் பெறவே தனி வேலை செய்ய வேண்டியிருக்கும். எந்தக் கோப்பு, அதன் உரிமையாளர் யார், எந்தப் பயனர் அதைத் திறக்க முயன்றார் என்ற மூன்றையும் எழுதிக் கேட்டால், பெரும்பாலும் உரிமையாளரை மாற்றும் ஒரே வரியில் தீர்ந்துவிடும்.

விவரம் கொடுக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. அமைப்புக் கோப்பை அனுப்புமுன் அதில் வைஃபை கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொல், தனித் திறவுகோல் ஏதேனும் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் ஏதோ நீக்கப்பட்டது என்று தெரியும்படி குறியிட்டு அனுப்புங்கள். 192.168 என்று தொடங்கும் வீட்டு வலையமைப்பு முகவரிகளை மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் வலையமைப்புச் சிக்கலை யாராலும் கண்டுபிடிக்க இயலாமல் போகும். கடவுச்சொல் தவறிப்போய் வெளியே சென்றுவிட்டால், அனுப்பிய செய்தியை அழிப்பதோடு நின்றுவிடாமல் அந்தக் கடவுச்சொல்லையே உடனே மாற்றிவிடுங்கள்.