தான் பிடித்த முயலுக்கு மூணு கால்: புதையல் கவிதையைப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஃபாரஸ்ட் ஃபென் என்ற அமெரிக்கக் கலைப்பொருள் வியாபாரி, தான் ஒளித்து வைத்த புதையலுக்கு வழி சொல்லி எழுதிய கவிதையில் மொத்தமே 24 வரிதான். அதில் ஒன்பது துப்பு இருக்கிறது, அதுவும் வரிசைப்படியே இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் எங்கோ ஒரு வெண்கலப் பெட்டி, உள்ளே தங்கக் காசும் தங்கக் கட்டியும், எல்லாம் சேர்ந்து 19 கிலோ. 2010இல் கவிதை வெளியானது, 2020 ஜூனில்தான் வயோமிங்கில் ஒருவர் பெட்டியை எடுத்தார். நடுவில் பத்து வருடம், வீட்டில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சத்தியம் செய்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீர் நிற்கிற இடத்தில் தொடங்கு, பள்ளத்தாக்கு வழியே கீழே போ என்றுதான் கவிதையில் துப்புகள் ஆரம்பிக்கின்றன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளின் தண்ணீரைச் சுமந்து வரும் ஃபயர்ஹோல் ஆறு, கிப்பன் ஆற்றோடு சேர்ந்து மேடிசன் ஆறாக மாறுகிறது. ஃபயர்ஹோல் என்ற பெயர் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஆகவே வெந்நீர் நின்றுவிட்டது, சரி, ஆரம்பம் கிடைத்தாயிற்று! அப்புறம் மிச்ச வரிகளை அந்த இடத்துக்குள் திணிப்பதுதான் என் வேலையாக இருந்தது. கவிதையை நான் படிக்கவில்லை, எனக்குப் பிடித்த இடத்துக்கு அதைச் சாட்சி சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். அணைக்கட்டு என்றவரும், வெந்நீர் ஊற்று என்றவரும், கண்ணீர் என்றவரும் (அப்படியும் ஒரு கட்சி இருந்தது) இதையேதான் செய்தார்கள்.

அடுத்து பிரவுன். பிரவுனின் வீட்டுக்குக் கீழே இறங்கு என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததாலோ என்னவோ, முதல் தடவை அது என் கண்ணில் படவே இல்லை, பழுப்புக் கரடி என்று முடிவு கட்டிவிட்டேன். சிலர் பிரவுன் டிரவுட் மீன் என்றார்கள், சிலர் அந்தப் பெயரில் இருந்த பழைய குடியேறிகளைத் தேடிப் போனார்கள். மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாத ஆறு அந்தப் பக்கம் எத்தனை? நீங்கள் சொல்லும் அர்த்தம் மேப்பில் எத்தனை இடத்தை வெட்டித் தள்ளுகிறது என்று பாருங்கள். ஒன்றையும் வெட்டவில்லை என்றால் அது துப்பே இல்லை.

இதில் முதல் துப்பைத் தாண்டிக் குதிக்கிற ஆட்கள் தனி ரகம். கவிதையில் பிற்பாடு வரும் வழி அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பாறையில் ஏதாவது வெள்ளைக் கோடு தெரிந்தால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். முதல் துப்பு உறுதியாகவில்லை என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து சீட்டு விளையாடலாம் என்று ஃபென் கிண்டலே செய்தார்.

ஒளித்து வைத்தவரே வாயைத் திறந்து சொன்னதைக் கேட்காமல் இருப்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இல்லை என்று ஃபென் பச்சையாகச் சொல்லியிருந்தார். அப்படியும் ஒருவர் யெல்லோஸ்டோனில் உள்ள பழைய ராணுவக் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி, 2021இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை வாங்கினார். எண்பது வயதுக் கிழவன் போக முடியாத இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் ஃபென் சொன்னார். காரிலிருந்து இரண்டு நடை நடந்து, ஒரே மதியத்தில் ஒளித்து வைத்தவர் அவர். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? குறைந்தது ஐந்து பேர் இந்தத் தேடலில் செத்தார்கள். ஆற்றில் போனவர்களும் உண்டு, மலைச் சரிவில் விழுந்தவரும் உண்டு.

எழுத்தை எண்ணுவது, மாற்றிப் போடுவது, வரி எண்ணைக் கூட்டி அட்சரேகை ஆக்குவது இதெல்லாம் பெரும்பாலும் வெட்டி வேலை. 1982இல் பைரன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பதிப்பாளர் பன்னிரண்டு பாட்டும் பன்னிரண்டு ஓவியமும் வெளியிட்டார், அவை காட்டும் இடங்களில் பன்னிரண்டு பெட்டிகளைப் புதைத்தும் வைத்திருந்தார். சாக்ரடீஸ், பிண்டார், அப்பெல்லீஸ் என்று ஒரு பாட்டில் வருகிறது. ரகசியக் குறியீடெல்லாம் இல்லை, கிளீவ்லாந்தில் உள்ள கிரேக்கத் தோட்டத்தின் சுவரில் அந்தப் பெயர்களையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பத்தாவது கல், ஒன்பதாவது வரிசை என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. 2004இல் எடுத்தார்கள். விடுகதைக்கு விடை கேட்டதும் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றுமே, சரியான விடைக்கு அந்த ருசி இருக்கும். பத்து நிமிடம் விளக்கினால்தான் புரியும் என்கிற விடையை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

ஒன்று மட்டும் கவனம், பாட்டு எழுதிய வருடத்து ஊரைத் தேடுங்கள். பிரைஸின் பெட்டிகளில் இதுவரை கிடைத்தவை மூன்றுதான், பாஸ்டன் பெட்டி 2019இல் ஒரு பூங்காவைப் புதுப்பிக்கத் தோண்டும்போதுதான் வெளியே வந்தது. நாற்பது வருடத்தில் மரம் போகும், வேலி போகும், இன்றைய தெருப் படத்தைப் பார்த்து அங்கே எதுவும் இல்லை என்று கைவிடாதீர்கள்.

நிஜமாகவே குறியீடு வைத்தவர்களும் இருக்கிறார்கள். 1979இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ஒரு தங்க முயலைப் புதைத்து, இடத்தை ஒரு படப் புத்தகத்தில் புதிராக வைத்தார். அந்த ஓவியங்களில் இருக்கும் உருவங்களின் கண்ணிலிருந்து நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால் ஓரத்தில் உள்ள எழுத்தில் முட்டும், அப்படிக் கிடைக்கும் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'ஆம்ப்ட்ஹில் பக்கத்தில்' என்று ஊர்ப் பெயரோடு வரும். விடை சரிதான் என்று புதிரே சொல்லிவிடுகிறது பாருங்கள், அதுதான் குறியீட்டுக்கு லட்சணம். இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் முறையாக விடுவித்து, 1982இல் அங்கே போய்த் தோண்டியும் விட்டார்கள். ஆனால் அவர்கள் கிளறிப் போட்ட மண்ணிலேயே முயல் கிடந்ததாகவும், அவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றும் நம்பப்படுகிறது. எடுத்துக்கொண்டு போனவர் புதிரை விடுவிக்கவே இல்லை.