டெல்டாவில் பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியதும் தட்டிப் பார்க்க வேண்டியதும்

மயிலாடுதுறைப் பக்கம் நாங்கள் வீடு வாங்கியது ஒரு சித்திரை மாதம். நல்ல வெயில், சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, தெருக்கோடி வாய்க்கால் காய்ந்து கிடந்தது, பார்த்த உடனே பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டோம். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியது. ஐப்பசி அடைமழையில் ரேழித் தரையே கசிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அது வருஷா வருஷம் அப்படித்தான் தம்பி, அவங்க சொல்லலையா?" என்றார். அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு சொந்தத்தில் இரண்டு மூன்று பேர் வீடு வாங்கும்போது கூடவே அலைந்து, வக்கீல்களிடமும் கொத்தனார்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வயலுக்கும் காலி மனைக்கும் வேறு கணக்கு. இது கட்டிய வீட்டுக்கு.

முதலில் சட்டம். விற்கிறவருக்கு எந்தக் கடமையும் இல்லை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சொத்திலோ தன் உரிமையிலோ ஒரு பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. மூலப் பத்திரங்களைக் கேட்டால் காட்ட வேண்டும், சொத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும், கிரயத் தேதி வரைக்குமான வரி பாக்கியைக் கட்ட வேண்டும். இத்தனையும் அதில் இருக்கிறது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு நீங்கள்தான் பொறுப்பு. சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருந்து, நீங்கள் பார்க்காமல் வாங்கினால் அப்புறம் பேச முடியாது. சுண்ணாம்பு அடித்து மறைத்த ஓதமும், பலகைக்குப் பின்னால் உளுத்துப்போன உத்திரமும்தான் "சொல்லியிருக்க வேண்டும்" என்கிற கணக்கில் வரும். இரண்டாவது, இந்தக் கடமைகளெல்லாம் வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரைக்கும்தான். அதனால் பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி சம்மதித்து", "தற்போதைய நிலையிலேயே" என்று ஒரு வரி வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பத்திர எழுத்தர் பழக்கத்தில் எழுதியிருப்பார், கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, ஆனாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்.

வீட்டைப் பரிசோதித்துச் சான்று வாங்கின பிறகுதான் விற்கலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் கிடையாது. பதிவு அலுவலகத்திலிருந்து கட்டடத்தைப் பார்க்க வருவது முத்திரைத் தீர்வைக்கு மதிப்புப் போட. வங்கி அனுப்பும் ஆள் வருவது அவர்கள் கொடுக்கும் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்று பார்க்க. உங்களுக்காக யாரும் வர மாட்டார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 5 வருஷம் கட்டடக் குறைக்குப் பொறுப்பு என்று இருப்பது புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனத்துக்குத்தான், தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் விற்பதற்கு அது பொருந்தாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. கேள்விகளை வாயால் கேட்காமல் தாளில் எழுதிக் கொடுங்கள், பதிலையும் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிப் பதில் வந்தாலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: மழைக்காலத்தில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஓதம் ஏறும்? வீட்டுக்குள் எப்போதாவது வெள்ளம் வந்ததா, எந்த வருஷம்? 2018 கஜா புயலில் என்ன சேதம், எதை மாற்றினீர்கள்? கரையான் மருந்து அடித்தீர்களா, ஏன்? எந்தச் சுவர் பொதுச்சுவர்? கொல்லைத் தண்ணீர் எங்கே போகிறது, யார் நிலம் வழியாக? அடிமனை, அதாவது வீடு நிற்கிற நிலம், யாருடையது? ஒத்தி (மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்க விடுவது), அடமானம், வழக்கு, பேச்சளவில் யாருக்காவது வாக்குக் கொடுத்தது ஏதாவது உண்டா? நேர்மையான ஆள் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். "இதெல்லாம் எதுக்கு தம்பி, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், பணத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

அப்புறம் வீட்டைப் பார்க்கும் காலம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தை நடுவில் அணையை மூடின பிறகு வைகாசி வரைக்கும் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும், அந்த நாலரை மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை, மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டிலாவது திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். எங்களுக்கு அந்தப் பாட்டியிடம் முன்பே பேசத் தோன்றியிருந்தால் இன்றைக்கு நிலைமையே வேறு.

பார்க்கப் போகும்போது ஒரு வயதான கொத்தனாரையும் ஒரு மர ஆசாரியையும் நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். நீங்கள் கொடுக்கிற விலையில் அது ஒரு பங்கே இல்லை. கதவைத் திறந்ததும் முதலில் வாசனை, பூட்டிக் கிடந்த வீட்டு வாசனையும் ஈரச்சுவர் வாசனையும் வேறு வேறு. சுவரை முழங்கால் உயரத்தில் காசால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறி, உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். ஒரே ஒரு சுவரில் மட்டும் இடுப்பளவுக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், மாடத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மேலே தேக்குக் கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ் என்றால் கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பளபளவென்றுதான் இருக்கும். சுவருக்குள் நுழைகிற நுனியில்தான் ஈரம் தேங்கி உளுக்கும். ஆசாரியிடம் சொல்லி ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், மாவு மாதிரி இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று. ஓட்டு வீட்டில் வளையும் கைமரமும் சேர்கிற இடத்திலும், நிலைக்கால் தரையைத் தொடுகிற இடத்திலும் கரையான் மண் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம் ஊர்க் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதனால் வருவது, அஸ்திவாரம் ஆழமில்லாத வீட்டில் வருஷா வருஷம் திறந்து மூடும். மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம், காசு நுழைந்தால் யோசியுங்கள், சுவரின் இரண்டு பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டாமல் மேலே போகாதீர்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தெருவையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகளெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசல் படியில் ஒன்றிரண்டு சாலைக்குள் புதைந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேதான் வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாலே உப்பு தெரியும், சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

இனிக் காகிதம். டெல்டாவில் முதல் கேள்வி அடிமனைதான். கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் மேல்கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாகவும் இருக்கும், மூன்று தலைமுறையாக மனை வாடகை கட்டியே வாழ்ந்திருப்பார்கள், நாளடைவில் நம்முடையது என்ற நினைப்பும் வந்திருக்கும். 1959ஆம் வருஷத்து இந்து அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பது செல்லாது, பதிவும் செய்ய மாட்டார்கள். அதனால் கிராமம் என்றால் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ பதிவேடு, நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேடு, இரண்டில் எது பொருந்துமோ அதை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பட்டாவும் அ பதிவேடும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. பழைய பத்திரத்தில் "மேல்கட்டடம் மட்டும்" என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். வக்ஃபு நிலத்துக்கும் இதே எச்சரிக்கை. கொல்லைப்புறம் வாய்க்காலைத் தொட்டால் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை எடுத்துச் சர்வேயருக்கு மனுப் போட்டு அளந்துவிடுங்கள், கழிவறையும் மாட்டுக் கொட்டகையும் வாய்க்கால் புறம்போக்கில் நிற்பது இங்கே சகஜம்.

வில்லங்கச் சான்று எல்லோரும் போடுவார்கள், ஆனால் பதிவான விஷயம் மட்டும்தான் அதில் வரும். வெறும் தாளில் எழுதின ஒத்தி வராது. வீட்டில் விற்பவரைத் தவிர வேறு யாராவது குடியிருந்தால் நேரில் போய், "நீங்க எந்த முறையில இருக்கீங்க?" என்று கேளுங்கள். இது வெறும் மரியாதைக்கு இல்லை. ஒரு சொத்தில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் அவருடைய உரிமை என்னவோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், பின்னால் தெரியாது என்று சொல்ல முடியாது.

பூர்வீகச் சொத்து என்றால் அக்கா தங்கைகளின் கையெழுத்து. இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989இல் அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கும் நாடு முழுக்க 2005இல் எல்லாப் பெண்களுக்கும் பிறப்பிலேயே பங்கு கொடுத்தாயிற்று, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "கல்யாணத்துல நகை போட்டாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்ற பேச்சை நம்பாதீர்கள், அவர்களுக்கும் அது நியாயம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளருக்காக ஊரில் ஒருவர் பவர் வைத்து விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று அவரிடமே வீடியோவில் பேசிவிடுங்கள். அவர் இறந்திருந்தால் பவரும் முடிந்தது. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது வருமான வரிப் பிடித்தம் வழக்கமான 1 சதவீதம் இல்லை, வேறு கணக்கு, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடித்துக் கட்டும் யோசனை இருந்தால் இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரித் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது, 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே நிற்கும் வீட்டைப் பழுது பார்க்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரிலும் எதைக் கட்டினாலும் அனுமதி. தரங்கம்பாடி மாதிரிக் கடலோர ஊர்களில் கடற்கரை ஒழுங்குமுறை விதியைப் பாருங்கள். எண்ணெய், எரிவாயுக் குழாய் போகிற ஊர்களில் குழாய்ப் பாதையின் மேல் கட்ட முடியாது, கொல்லையில் அடையாளக் கம்பம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் கிரைய ஒப்பந்தம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்வது கட்டாயம், வெள்ளைத்தாளில் எழுதி ஐந்து லட்சம் கொடுப்பதை விட்டுவிடுங்கள். விற்பவர் எழுதிக் கொடுத்த பதில்தாளை ஒப்பந்தத்தோடு இணைத்து இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இத்துடன் இணைத்துள்ள பதில்கள் தனக்குத் தெரிந்தவரை உண்மையென்றும், மறைக்கப்பட்ட குறை எதுவும் பின்னிட்டுத் தெரியவந்தால் அதனால் ஏற்படும் நஷ்டத்துக்குத் தானே பொறுப்பென்றும் விற்பவர் உறுதி கூறுகிறார்." எங்கள் அத்தை மகன் திருவாரூரில் வாங்கும்போது இந்த வரியை வைத்ததும் விற்பவரே, "சமையலறைத் தளம் ஒழுகும், சொல்ல மறந்துட்டேன்" என்று கூப்பிட்டுச் சொன்னார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்கினான், இரண்டு பேருக்கும் மனக்கசப்பு இல்லை.

சாவி வாங்கும் அன்றைக்கு மின்சார மீட்டரைப் படம் எடுத்து, கடைசி மின்கட்டண ரசீதையும் வீட்டு வரி ரசீதையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அறை அறையாக ஒரு தடவை சுற்றி வந்து பதில்தாளோடு ஒத்துப் பாருங்கள். அலமாரியெல்லாம் காலியாக இருக்கும் அந்த நாளில்தான் பின்சுவர்கள் முழுசாகத் தெரியும், ஆகவே மீதிப் பணத்துக்கான வரைவோலையை அந்தச் சுற்று முடிந்த பிறகு கொடுங்கள்.