காயின் அக்செப்டர் அப்டேட்: உப்புக்காற்று ஊர்களில் செய்யும் முறை

தண்ணீர் மிஷினோ எடை மிஷினோ, காசை வாங்காமல் துப்ப ஆரம்பித்ததும் எல்லோரும் சொல்வது "அப்டேட் போடணும்" என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது. புதுக் காசை அக்செப்டருக்கு, அதாவது போட்ட காசு நல்லதா என்று பார்த்து வாங்கும் பாகத்துக்கு, பழக்குவது ஒன்று. சாம்பிள் ஏற்றுவது என்பார்கள். கம்பெனி தரும் காசு விவரக் கோப்பை, அதாவது காயின் செட்டை மாற்றுவது இன்னொன்று. உள்ளே இருக்கும் சிப்பின் நிரலையே மாற்றுவதுதான் ஃபர்ம்வேர் அப்டேட். முதல் வேலைக்கு வகைக்கு இருபது காசும் ஒரு மணி நேரமும் போதும். மூன்றாவது பாதியில் நின்றுபோனால் போர்டு செத்த மாதிரிதான். அதனால் கடைசியாகத் தொட வேண்டியதை முதலில் தொடாதீர்கள்.

எது தேவை என்பதைக் காசே சொல்லிவிடும். ஒரே காசை ஒருமுறை வாங்கி மறுமுறை துப்பினால் அழுக்கு அல்லது கரண்ட் கோளாறு. ஒரு குறிப்பிட்ட காசை மட்டும் எப்போதும் துப்பினால் சாம்பிள் அல்லது காயின் செட். காசை வாங்கிக்கொண்டு கணக்கைத் தப்பாக ஏற்றினால் பல்ஸ் (காசின் மதிப்பை மிஷின் போர்டுக்குச் சொல்லும் மின்துடிப்பு) செட்டிங் அல்லது வயர். இவை எதுவும் இல்லாமல் அக்செப்டர் தானாக உறைந்து நிற்கிறது, அல்லது இந்தப் பதிப்பில் பிழை இருக்கிறது என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றால்தான் ஃபர்ம்வேர்.

முதலில் உப்பைத் துடையுங்கள்

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு வருபவர் முடிச்சை அவிழ்த்துப் போடும் ஐந்து ரூபாய் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கடல்நீர், விளிம்பில் ஒட்டிய மணல். அது அக்செப்டரின் உள்ளே சரிவான பாதையில் உருண்டு போகும்போது ஒரு ஈரக்கோடு விடுகிறது. அந்தக் கோடு காய்ந்தால் வெள்ளைப் பொடி. அடுத்த காசு அந்தப் பொடியில் உரசி மெதுவாகப் போகும். காசு ஒரு சென்சாரிலிருந்து அடுத்த சென்சாருக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் அக்செப்டர் பார்ப்பதால், நல்ல காசையும் கள்ளக்காசு என்று தள்ளிவிடும்.

கரண்டைப் பிடுங்கிவிட்டு, காசுப் பாதையின் மூடியைத் திறந்து, காய்ந்த பிரஷால் மணலைத் தட்டுங்கள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பாதையை, பட்ஸால் சென்சார் கண்ணாடியைத் துடையுங்கள். பத்து நிமிடம் காயட்டும். காசு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடும். மூன்றாம் நாள் எண்ணெயும் மணலும் சேர்ந்து அரைத்த மாவு மாதிரி பாதையை அடைத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படியே.

அடுத்தது கரண்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்து, பம்பு ஓடும்போது காசைப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் 11-க்குக் கீழே விழுந்தால் அடாப்டரை மாற்றுங்கள். தண்ணீர் வால்வும் அக்செப்டரும் ஒரே 1 ஆம்பியர் அடாப்டரில் ஓடினால் இது நடக்கும். அக்செப்டருக்குத் தனி 12 வோல்ட், 2 ஆம்பியர் கொடுங்கள். இந்த இரண்டு வேலையிலேயே மிஷின் சரியாகிவிட்டால் மேலே படிக்க வேண்டியதில்லை.

எந்தக் காசுக்கு எந்த இடம்

இந்தியக் காசுகளில் அக்செப்டரைக் குழப்புவதற்கென்றே சில ஜோடிகள் இருக்கின்றன. 2011 வரிசையின் ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர், 6 கிராம். 2019 வரிசையின் ஐந்து ரூபாய் 25 மில்லிமீட்டர், 6.74 கிராம். பெயர் ஒன்று, காசு இரண்டு. ஆகவே அக்செப்டரின் நினைவில் இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே இடத்தில் சாம்பிள் ஏற்றினால், அக்செப்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு இல்லாத காசை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையுமே துப்பும்.

பத்து ரூபாயும் இருபது ரூபாயும் இரண்டுமே 27 மில்லிமீட்டர். பத்தில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை; இருபதில் தலைகீழ். உலோகத்தைப் பார்க்கும் காயிலால், அதாவது கம்பிச்சுருளால்தான் இவற்றைப் பிரிக்க முடியும், விட்டத்தை மட்டும் பார்க்கும் கண்ணால் முடியாது. போதாததற்கு இருபது ரூபாய்க்கு 12 பக்கம். உருளும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து அளவு கொஞ்சம் மாறும். இதற்கு 20 காசு முழுதாகச் சாம்பிள் கொடுங்கள். பத்து ரூபாயில் மட்டும் 14 வடிவங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் வாங்க மறுத்த பத்து ரூபாயெல்லாம் கடைசியில் உங்கள் மிஷினுக்குத்தான் வரும், ஆகவே சாம்பிளில் வடிவங்களைக் கலந்து வையுங்கள்.

ஒன்றும் இரண்டும்தான் தீராத வழக்கு. 2007 முதல் வந்த, விரல் முத்திரை போட்ட ஒரு ரூபாயும் 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் ஒரே ஸ்டீல், ஒரே 25 மில்லிமீட்டர், ஒரே 4.85 கிராம். எந்த ஃபர்ம்வேராலும் இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டு ரூபாயைச் சேர்த்தால் ஒரு ரூபாய்க்காரருக்கு இரண்டு ரூபாய்த் தண்ணீர் போகும். குடம் ஐந்து ரூபாய் என்று விற்பவர் ஒன்றையும் இரண்டையும் அடியோடு விட்டுவிடுவதே நல்லது. பழைய ஐந்து, புதிய ஐந்து, பத்து, இருபது என நான்கு இடம் போதும்.

சாம்பிள் ஏற்றுதல்

சந்தையில் அதிகம் கிடைக்கும் சிஹெச்-926 வகைக்கான முறை இது. ஆறு வகைக் காசு வரை வாங்கும். பின்பக்கம் மூன்று பட்டன்: கூட்டல், கழித்தல், செட்டப்.

அக்செப்டரை அது மாட்டியிருக்கும் இடத்திலேயே கரண்ட் கொடுத்துக் கால் மணி நேரம் விடுங்கள். ஏசி அறையில் சாம்பிள் ஏற்றித் தகரக் கொட்டகையில் மாட்டினால் மதிய வெயிலில் காயிலின் அளவு நகர்ந்துவிடும். மிஷின் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

1. கூட்டலையும் கழித்தலையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துங்கள். திரையில் ஏ வரும். செட்டப்பை ஒருமுறை அழுத்தினால் ஈ. எத்தனை வகைக் காசு என்பது இங்கே. 4 வைத்து செட்டப்.

2. ஹெச் என்பது சாம்பிள் எண்ணிக்கை. 20 வையுங்கள். பி என்பது அந்தக் காசுக்கு எத்தனை பல்ஸ். எஃப் என்பது கண்டிப்பு. எண் சிறிதானால் கண்டிப்பு அதிகம். எட்டில் தொடங்குங்கள். ஹெச், பி, எஃப் மூன்றும் ஒவ்வொரு காசுக்கும் திரும்பத் திரும்ப வரும்.

3. எல்லாம் முடிந்து செட்டிங் பதிவானதும் கரண்டை நிறுத்திப் போடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போனால் செட்டிங் நிற்காது.

4. செட்டப்பை ஒருமுறை அழுத்தினால் ஏ, இன்னொருமுறை அழுத்தினால் ஏ1. முதல் வகைக் காசு இருபதையும் ஒவ்வொன்றாக, வாடிக்கையாளர் போடும் வேகத்திலேயே போடுங்கள். முடிந்ததும் மறுபடி ஏ வரும். மீண்டும் செட்டப், ஏ2, இரண்டாம் வகை. நான்கும் முடிந்ததும் கரண்டை நிறுத்திப் போடுங்கள்.

பல்ஸ் எண்ணிக்கையில் ஒரு சிக்கனம் செய்யலாம். ரூபாய்க்கு ஒரு பல்ஸ் என்று வைத்தால் இருபது ரூபாய்க்கு 20 பல்ஸ் போக வேண்டும். வேக ஸ்விட்ச் 100 மில்லி விநாடியில் இருந்தால் பல்ஸுக்கே இரண்டு விநாடி, இடைவெளி தனி. அதற்குள் அடுத்த காசு விழும். ஐந்து ரூபாய்க்கு 1, பத்துக்கு 2, இருபதுக்கு 4 என்று வைத்து, ஒரு பல்ஸ் என்றால் ஐந்து ரூபாய் என மிஷின் போர்டில் மாற்றிக்கொள்ளுங்கள். வேகத்தை 50-இல் வையுங்கள். 20-இல் வைத்தால் சில போர்டுகள் பல்ஸைத் தவறவிடும்.

இருபது காசில் ஐந்தாறு கறுத்த காசாக இருக்கட்டும். கடலில் போட்டு எடுத்த ஐந்தும் பத்தும் இந்தக் கரையில் புழங்கும். பளபளப்பை மட்டும் பழகிய அக்செப்டர் அவற்றைத் தள்ளும். ஆனால் பச்சை பூத்து விளிம்பு அரித்ததைச் சேர்க்காதீர்கள். அதை வாங்கவைத்தால் வாஷரையும் வாங்கும்.

ஃபர்ம்வேர்

பல்ஸ் வகை அக்செப்டரில் ஃபர்ம்வேர் மாற்றும் வசதி பெரும்பாலும் கிடையாது. அந்த வேலை சிசிடாக் வகைக்கு. இது ஒரே டேட்டா வயரில் 9600 வேகத்தில் மிஷின் போர்டோடு பேசும். காயின் அக்செப்டரின் வழக்கமான முகவரி 2.

அக்செப்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மிஷினில் வைத்தே செய்யக்கூடாததற்குக் காரணம் உண்டு. மிஷின் போர்டு "காசு வந்ததா" என்று விநாடிக்குப் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றை வயரில் லேப்டாப்பும் பேசினால் இரண்டும் மோதி அப்டேட் பாதியில் நிற்கும். கரண்டுக்கு முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப்பிலும் சார்ஜ் இருக்கட்டும், தூக்கநிலைக்குப் போகும் செட்டிங்கை நிறுத்துங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள மாடல், சீரியல் எண், போர்டு பதிப்பு, காயின் செட் பெயர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். யுஎஸ்பி இணைப்பான் மாட்டி, தயாரித்தவர் தரும் மென்பொருளில் முதலில் 254 கட்டளை அனுப்பிப் பதில் வருகிறதா பாருங்கள். பிறகு 241 கட்டளை. தற்போதைய ஃபர்ம்வேர் பதிப்பைச் சொல்லும். 184 ஒவ்வொரு இடத்திலும் எந்தக் காசு இருக்கிறது என்று ஆறெழுத்தில் சொல்லும்: நாட்டுக்கு இரண்டு, மதிப்புக்கு மூன்று, வெளியீட்டுக்கு ஒன்று. இவற்றை வரிசையாக எழுதி வையுங்கள். பழைய பதிப்பின் கோப்பையும் சப்ளையரிடம் முன்கூட்டியே வாங்குங்கள். அப்டேட் கெட்டுப்போன பிறகு கேட்டால் கிடைக்க ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரம் தை அமாவாசை வாரமாகவும் இருக்கலாம்.

கோப்பு உங்கள் போர்டு பதிப்புக்கானதுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள். ஓடும்போது வயரை அசைக்காதீர்கள், காசு போடாதீர்கள். முடிந்ததும் பத்து விநாடி கரண்டை நிறுத்திப் போட்டு, 241 அனுப்பிப் புதிய பதிப்பு வருகிறதா பாருங்கள். 232 அனுப்பினால் அக்செப்டர் தன்னையே சோதித்துச் சொல்லும்.

"அப்டேட் ஆகிடுச்சு, ஆனா ஒரு காசும் வாங்கல" என்று பதறுவது இந்தக் கட்டத்தில்தான். கரண்ட் வந்ததும் எல்லாக் காசுக்கும் தடை போட்டுக்கொள்வது சிசிடாக் அக்செப்டரின் இயல்பு. மிஷின் போர்டு 231-ஆலும் 228-ஆலும் தடையை எடுத்தால்தான் வாங்கும். மேசையில் சோதிக்கும்போது நீங்களே இவற்றை அனுப்ப வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, சத்தமில்லாமல் நடப்பது: புதிய காயின் செட்டில் வரிசை மாறியிருப்பது. மூன்றாம் இடத்தில் பத்து இருந்தது, இப்போது இருபது. மிஷின் போர்டுக்கு இது தெரியாது, மூன்று என்றால் பத்து என்றே கணக்கு ஏற்றும். 184-இல் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் போர்டிலும் மாற்றுங்கள்.

சோதனையும் வசதிகளும்

மாட்டிய பிறகு வகைக்கு 20 காசு போடுங்கள். 19-க்குக் குறைவாக வாங்கினால் எஃப் எண்ணை ஒன்று கூட்டுங்கள். பத்தை இருபதாக எண்ணினால் ஒன்று குறையுங்கள். ஐந்து காசைத் தண்ணீரில் நனைத்தும் போடுங்கள். பிறகு கள்ளம்: இரும்பு வாஷர், பித்தளை வாஷர், கையில் இருந்தால் இலங்கைக் காசு. ஒன்று உள்ளே போனாலும் எஃப்பைக் குறைத்து முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

நூல் கட்டி இழுப்பதைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். பட்டனால் காசு பழக்கும் வசதி, வேலை முடிந்ததும் பூட்டப்பட வேண்டும். மிஷின் கதவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் பத்து நிமிடத்தில் வாஷரை இருபது ரூபாயாகப் பழக்கிவிட முடியும்.

போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) அடிப்பதாக இருந்தால் அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு அடியுங்கள். கனெக்டர் பின்னிலும் சென்சார் கண்ணாடியிலும் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றுபோன போர்டு 254-க்குப் பதில் சொல்லாவிட்டாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். பல மாடல்களில் அப்டேட்டை வாங்கும் சிறு நிரல் தனியாக இருக்கும், அது அழியாது. மென்பொருளை முதலில் ஓடவிட்டு, பிறகு அக்செப்டருக்குக் கரண்ட் கொடுங்கள். தொடக்கத்தின் சில விநாடிகளில் அது பிடித்துக்கொண்டால் பழைய கோப்பை ஏற்றலாம். நான்கைந்து முறை முயன்றும் பிடிக்கவில்லை என்றால், எடுத்து வைத்த படங்களோடு சப்ளையருக்கு அனுப்புங்கள்.